எள்ளுக்காட்டில் ஒரு குழி

என் புருஷன் யோகனா எங்கள் பகுதிக்கு மண்வெட்டித் தலைவர். யார் வரப்பை யார் தாண்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளம் கிடையாது, வசவு உண்டு. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து, எங்கள் அச்சோலி சனங்கள் முகாம்களிலிருந்து சொந்தக் காடுகளுக்குத் திரும்பிய வருஷம் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் காட்டில் களை பறிப்பது நான் ஒருத்திதான்.

எல்லை மரங்களையெல்லாம் பட்டாளத்தார் வெட்டி விறகாக்கியிருந்தார்கள். மிஞ்சியது புதைகுழிகள். எங்களில் நிலம் யாருடையது என்று கேட்டால் காகிதத்தைக் காட்டுவதில்லை, செத்தவர்களைக் காட்டுவோம். சனங்கள் சும்மா இருப்பார்களா? விடிந்தால் ஒரு புது மண்மேடு. ஒருத்தன் மேட்டில் விழுந்து "எங்க பெரியப்பா" என்று அழுதான். மழையில் மண் கரைந்தபோது பெரியப்பாவுக்கு இரண்டு கொம்பு இருந்தது. அதன் பிறகு யோகனா ஒரு சட்டம் போட்டார்: அடக்கம் பண்ணியதை வேற்று வீட்டார் ஒருவராவது பார்த்திருந்தால்தான் அது புதைகுழி. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், முட்டாள்.

போன வருஷம் பக்கத்துக் காட்டு ஒலன்யா, ஓடையோரம் இருக்கும் எங்கள் எள்ளுக்காட்டில் பாதியை உழுது போட்டான். தன் தாத்தா நிலமாம். அந்தப் பாதியில்தான் என் மூத்தவள் அதீம் கிடக்கிறாள். முகாமில் பிறந்து, காட்டுக்குத் திரும்பிய முதல் மழைக்காலத்தில் காய்ச்சலில் போனவள். தவழத் தொடங்கியிருந்தாள். மிச்சச் சாமான் எடுக்க ஆண்கள் முகாமுக்குப் போயிருந்தார்கள். அன்று அங்கே இருந்தது நானும் ஒலன்யாவின் மனைவி லன்யேரோவும்தான். என்னால் எழுந்து நிற்கவே முடியவில்லை. குழியை அவள்தான் வெட்டினாள்.

"அவளைக் கூப்பிட்டுக் கேளுங்க. முடிஞ்சது கதை" என்றேன் யோகனாவிடம்.

"கட்டினவனுக்கு எதிரா அவளை நிறுத்தச் சொல்றியா? சொல்லிட்டு அவ எங்க போவா?"

"அப்ப என் பொண்ணு?"

அடுத்த வரப்புச் சண்டையைத் தீர்க்கக் கிளம்பிப் போய்விட்டார். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிற மனுஷன்.

அந்த மாதம்தான் நகரத்திலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்து, நிலத் தகராறைத் தீர்ப்பது எப்படி என்று இவருக்கே இரண்டு நாள் பாடம் நடத்தினார்கள். சோடா குடித்துவிட்டு, அவர்கள் கொடுத்த பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பக்கமும் ஜெயிக்கணுங்கிறாங்க" என்றார்.

"சரிதான். ஒலன்யா நிலத்தை ஜெயிச்சான். நாம பனியனை ஜெயிச்சோம்."

எங்கள் வழக்கை இவரே தீர்க்க முடியாது என்பதால் பக்கத்துப் பகுதித் தலைவர் வந்தார். காட்டோரம் எல்லாரும் உட்கார்ந்தோம். லன்யேரோ தலையைக் குனிந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரை எடுக்கவே கூடாதென்று யோகனா எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"சட்டம் நீங்க போட்டது, தலைவரே" என்றான் ஒலன்யா. "குழியை யார் பார்த்தா? நீங்களே பார்க்கலையே."

"சட்டம் எனக்கும்தான்" என்றார் யோகனா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்வெட்டியோடு காட்டில் இறங்கினேன். புதைத்த எலும்பைக் கிளறுவது எங்களில் யாரும் நினைக்கவும் அஞ்சுகிற காரியம். குடும்பத்துக்கே கேடு.

"ஒகோட் அம்மா, வேண்டாம்" என்று என் இளையவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி யோகனா பின்னாலேயே ஓடிவந்தார்.

"சாட்சி இல்லேன்னீங்கல்ல? என் பொண்ணே வந்து சொல்லட்டும்."

"ஆடு வருதா பாரு" என்று ஒலன்யா சிரித்தான்.

முழங்கால் ஆழம் வெட்டினேன். மண்தான். தள்ளி வெட்டினேன். அங்கேயும் மண். அடையாளம் வைத்திருந்த புதர் எப்போதோ போய்விட்டது, ஓடை கரையை அரித்திருந்தது. பெற்றவளுக்கே பிள்ளை கிடக்கிற இடம் தெரியவில்லை. ஒலன்யாவின் சிரிப்பைவிட அதுதான் என்னைக் கொன்றது. மூன்றாவது இடத்தில் ஓங்கினேன்.

"அங்க இல்லடி."

லன்யேரோ எழுந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கறையான் புற்றைத் தாண்டிப் போய் ஓரிடத்தில் நின்றாள்.

"இங்க. கீழ பாறை, ஆழமா வெட்ட முடியல. அதான் என் துணியையும் சேர்த்துச் சுத்தி வெச்சேன். கிளறாத, தூங்கட்டும்."

நிலம் எங்களுக்கு என்று தீர்ப்பானது. ஒலன்யா வீட்டுக்குப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். லன்யேரோ கட்டின துணியோடு அண்ணன் ஊருக்கு நடந்தாள். என் வீட்டுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. "என்கிட்ட முன்னாடியே வந்து கேட்டிருக்கலாமேடி" என்று மட்டும் சொன்னாள்.

எள் விதைத்தாகிவிட்டது. யோகனா தினமும் ஒலன்யா வாசலில் போய் உட்கார்ந்து, பெண்டாட்டியை அழைத்துவரச் சொல்லிக் கெஞ்சுகிறார். அவன் முகம் கொடுப்பதில்லை. நான் காட்டில் தனியாகக் களை பறிக்கிறேன், புற்றுக்கு அந்தப் பக்கம் மட்டும் மண்வெட்டி படாமல்.