கலவரத்தில் போனவர்

அப்பா குடல் புற்றுநோயில்தான் செத்தார். இதை எழுதும்போதே அம்மா வந்து என் வாயைப் பொத்துவார் போலிருக்கிறது.

கண்டியில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த கிழமை அது. வாடகை வீடு எரிந்துபோய், குண்டசாலையில் தெரிந்த சிங்களக் குடும்பமொன்றின் பின்னறையில் ஒளிந்திருந்தோம். அப்பாவின் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டுகளும் வீட்டோடு சாம்பல். ஊரடங்கு எடுபட முன்னமே, எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர் போய்விட்டார். ஐம்பது வயதுகூட இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் தாங்களாகவே "கலவரத்திலை போனவர்" என்றார்கள். அம்மா திருத்தவில்லை. அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தபோது அந்தச் சொல் நன்றாகக் கைகொடுத்தது. எங்கள் ஆட்கள் சாதகத்தைவிட உன்னிப்பாய்ப் பார்ப்பது குடும்பத்தில் என்ன வருத்தம், என்ன நோய் என்பதைத்தான். கலவரம் என்றால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். பெரியப்பாவும் இதே வருத்தத்தில் போனவர் என்பதையும் யாரும் கிளறவில்லை. கலியாணம் சிறப்பாக நடந்தது.

பத்து வருஷம் கழிந்தது. யுத்தம் ஓயவில்லை. கெலிஓயாவில் வங்கி வேலை பார்த்த அண்ணாவுக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. தமிழ்ப் பெடியனைச் சோதனைச் சாவடி தாண்டித் தனியே அனுப்ப அம்மாவுக்குப் பயம். அக்காவின் கணவர், அத்தான், கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் உத்தியோகத்தர். அவருடைய அடையாள அட்டைக்கு மதிப்பிருந்தது. அவரோடு அம்மா, அண்ணா, நான் மூவரும் கண்டியில் ஒரு டொக்டரிடம் போனோம்.

டொக்டர் சிங்களத்தில் கேட்டதை அத்தான் அம்மாவுக்குச் சொன்னார்.

"வீட்டிலை ஆருக்கும் குடலிலை கான்சர் இருந்ததோ எண்டு கேக்கிறார், மாமி."

"இவன்ர அப்பா கலவரத்திலை போனவர் எண்டு சொல்லுங்கோ தம்பி. எங்கட குடும்பத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை."

அண்ணா என்னைப் பார்த்தார். அத்தான் முன்னால் எப்படிச் சொல்வது? எனக்கும் அப்போது கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் மேசையைப் பார்த்தேன். அத்தான் அம்மாவின் பதிலைச் சொன்னதும் அந்தச் சிங்கள டொக்டர் வெட்கத்தோடு தலையைக் குனிந்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இந்த வயதில் மூலவியாதியாகத்தான் இருக்கும் என்று மருந்து எழுதினார். எங்களுக்கு என்ன நிம்மதி! வரும் வழியில் ஐஸ்கிறீம்கூடக் குடித்தோம்.

அடுத்த வருஷம் பெரியாஸ்பத்திரியில் அண்ணாவின் வயிற்றைத் திறந்தபோது ஈரல்வரை பரவியிருந்தது. அங்கேயும் அதே கேள்வி வந்தது. இம்முறை நான் உண்மையைச் சொன்னேன். சத்திரசிகிச்சை நிபுணர் பேனையை வைத்துவிட்டார். இது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கக்கூடியது, முதலே தெரிந்திருந்தால் அன்றைக்கே குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்திருப்பார்கள் என்றார். அக்காவும் நானும் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

அண்ணா போன பிறகும் அக்கா சோதனைக்கு மாட்டேன் என்றா. அத்தானுக்குத் தெரிந்துவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு சாவு வேண்டுமா? அண்ணாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பின்னேரம் நானே அத்தானிடம் போனேன்.

"அத்தான், அப்பா கலவரத்திலை சாகேல்லை."

"தெரியும்," என்றார். "கலியாணத்துக்கு முதலே எங்கட ஆக்கள் விசாரிச்சவை. எனக்கு உங்கட அக்காவைப் பிடிச்சிருந்தது. மாமி வெக்கப்படுவா எண்டு நான் ஒருநாளும் வாய் திறக்கேல்லை."

"அண்டைக்கு டொக்டரிட்டையுமோ?"

அத்தான் அண்ணாவின் படத்தைப் பார்த்தபடி நின்றார்.

"ஓம். அண்டைக்கும்தான்."