ஆடாத படகில் ஆண்டெனா

அந்த மே மாதம் எங்கள் பட்டறை முற்றத்தில் ஒரு படகு நின்றது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் அப்பாவின் ஃபைபர் பட்டறை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, தீப்பெட்டி ஆலைகளுக்கு டிரே, இவைதான் வழக்கமான வேலை. கடற்கரைப் பட்டறைகளில் அப்போது இடமில்லாததால், தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் ஒருவர் அடியில் விரிசல் விட்ட தன் படகை லாரியில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்தார். வெடித்துக் கிடந்த கரிசலில் மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் நிறுத்தினோம்.

விரிசலை அப்பா அடைத்தார். பின்பக்கம் சின்னதாக ஒரு கேபினும் கட்டிக்கொடுத்தார். ரேடியோ ஆண்டெனா என் பங்குக்கு வந்தது. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, செல்போன் கோபுரங்களில் ஆண்டெனா பொருத்தும் வேலையில் மூன்று வருடமாக இருந்தேன். ஒரு படகில் பொருத்துவது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

படகைப் பார்க்க மீனவரின் மனைவியும் வந்திருந்தார். அந்த அக்கா விரிசல் அடைத்த இடத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேரே கேபினுக்குள் எட்டிப் பார்த்து, "ரேடியோ செட்டு இங்கன இருக்கும். அதோட கம்பி எங்கன இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

முந்தின வருடம் கடலில் எஞ்சின் நின்றுபோய், படகு ஒரு பகலும் ஓர் இரவும் சும்மா மிதந்திருக்கிறது. ரேடியோ நன்றாகத்தான் இருந்தது. ஆண்டெனாவை ஐஸ் பெட்டியோரம் தாழ்வாகக் கட்டியிருந்ததால் மீனவர் கூப்பிட்டது கரைக்கு எட்டவில்லை. கரையில், மீனவர் சங்கக் கட்டடத்து ரேடியோவின் முன்னால் அக்கா அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தாராம்.

"கடல்ல மூணு எடத்துல நின்னு இவிய என்னைக் கூப்பிடணும்," என்றார். "மூணும் எனக்குக் கேட்டாத்தான் தொழிலுக்குப் போகலாம். இல்லேன்னா படகு திரும்ப இங்கனயே வந்து நிக்கட்டும், மழ பேஞ்சா தண்ணி பிடிச்சுக்கிடுங்க."

கணவர் படகின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். உயரமாக இருக்க வேண்டும். மற்ற இரும்புக் கம்பங்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். சாயக் கூடாது. எஞ்சினுக்கு விலகி, கேபிள் நீளம் குறைவாக, இணைப்பில் உப்புத்தண்ணீர் இறங்காமல். கடைசியாக, வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. மற்றவையெல்லாம் எனக்குத் தெரியும். இந்தக் கடைசி வரி மட்டும் தெரியாது. கோபுரத்து உச்சியில் யாரும் வலை இழுப்பதில்லை.

"அண்ணாச்சி, கடல்ல என்னென்ன செய்வீங்களோ அதை அப்படியே இங்க செஞ்சு காட்டுதீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். கூட வந்திருந்த அவருடைய மச்சான், அக்காவின் தம்பி, அதற்குள் ஏணியில் ஏறிவிட்டார். இருவரும் இல்லாத வலையை விட்டார்கள், காத்திருந்தார்கள், இழுத்தார்கள். இல்லாத மீனை வலையிலிருந்து கழற்றி ஐஸ் பெட்டியில் போட்டார்கள். அவர்கள் கை, தோள், முழங்கால் பட்ட இடங்களையெல்லாம் நான் நீலச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனேன். தீப்பெட்டி ஆலையில் வேலை முடிந்து போன பெண்கள் சாலையில் நின்றுவிட்டார்கள்.

"ஏட்டி, இங்க பாரு, கரிசல்ல வலை போடுதாங்க," என்றாள் ஒருத்தி.

மச்சான் நிமிர்ந்து, "மீனு கெடச்சா உங்களுக்கும் உண்டு மதினி," என்றார்.

"மீனெல்லாம் வேண்டாம். ரெண்டு கொடம் தண்ணி கெடச்சா குடுங்க."

முடிந்தபோது படகு முழுக்க நீலக் கோடுகள். கேபினின் இடது பின்மூலை மட்டும் சுத்தமாக இருந்தது. அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒரு விரல்கூடப் படலையே," என்றார். பட்டியலின் மற்ற வரிகளுக்கும் அந்த மூலை பொருந்தியது. அங்கே ஒரு குழாயை நிறுத்தி, அதன் உச்சியில் ஆண்டெனாவைப் பொருத்தினேன். எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு வந்தது.

படகு ஊர் போய்ச் சேர்ந்த வாரம் அக்கா போனில் கூப்பிட்டார். முதல் இடத்திலிருந்து கேட்டது. இரண்டாவதும் கேட்டது. "மூணாவது வரலை தங்கச்சி," என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. படகு திரும்பி வரும்வரை மூன்று மணி நேரம் ரேடியோ முன்னால் இருந்திருக்கிறார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

மறுநாள் நானும் அப்பாவும் பஸ் ஏறினோம். கரையோரம் மிதந்த படகில் ஏறிப் பார்த்தேன். ஆண்டெனாக் குழாய், அதை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்புக்குள் திரும்பியிருந்தது. கேபிள் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது.

"நான் அதத் தொடவே இல்ல," என்றார் மச்சான்.

"வேற யாரு தொட்டா? மீனா?" என்றார் அக்கா, கரையில் நின்றபடி.

கேபிளைச் சரிசெய்துவிட்டு, செட்டைப் பார்க்கக் கேபின் பக்கம் திரும்பினேன். பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போனது. அதன் அலையில் எங்கள் படகு சாய்ந்தது. நான் விழவில்லை. என்ன செய்தேன் என்றும் தெரியவில்லை. அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். என் கை ஆண்டெனாக் குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது.

மச்சான் பொய் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் முற்றத்தில் அந்தப் படகு ஆடவே இல்லை, அதனால் யாரும் எதையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கேபினைச் சுற்றிப் பின்பக்கம் போகிறவர் தடுமாறினால் முதலில் கைக்கு வரும் மூலை அதுதான். விரல் படாத இடம் என்று நான் தேர்ந்தெடுத்தது, கடலில் எல்லாருடைய கையும் போகும் இடம். என் வேலையில் அசையும் எதன்மீதும் நான் எதையும் பொருத்தியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆண்டெனாவை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றேன். மீனவர் யோசித்துவிட்டு, "எங்க வச்சாலும் பிடிக்கிறதுக்கு ஒண்ணு வேணும்லா?" என்றார். அது சரியாகப்பட்டது. குழாய்க்கு ஒரு முழம் முன்னால், உச்சியிலிருந்த ஆண்டெனாவுக்கு நன்றாகக் கீழே, நெஞ்சு உயரத்தில், கேபின் சுவரோடு ஒரு ஸ்டீல் கைப்பிடி வைத்தோம். அப்பா அதன் இரண்டு முனைகளையும் ஃபைபர் போட்டு இறுக்கினார். நோட்டில் நான் இன்னொரு வரி சேர்த்தேன்: கை எங்கே போகும்?

ஃபைபர் இறுகியதும் படகு மறுபடி போனது. சங்கக் கட்டடத்தில் அக்காவோடு நானும் உட்கார்ந்திருந்தேன். முதல் குரல் வந்தது. நேரம் கழித்து இரண்டாவது. அதற்குப் பிறகு அக்கா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. நான் நோட்டைத் திறந்து பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன், மறுபடியும் படித்தேன்.

"மூணாவது எடத்துல நிக்கோம். கேக்குதா?"

அக்கா பொத்தானை அழுத்துவதற்குள் இன்னொரு குரல் முந்திக்கொண்டது. "எக்கா, அந்தத் தங்கச்சிட்ட சொல்லு. கைப்பிடியத்தான் பிடிச்சிருக்கேன். சாட்சிக்கு அத்தான் இருக்காக."

அக்கா பொத்தானை அழுத்தினார்.

"கேக்குது. நாளைக்கு வலைய ஏத்துங்க," என்றார்.