தலைக்கட்டு இல்லாத வீடு

இல்லை, அமிர்தம் ஊரை விற்கவில்லை. கட்சிக்காரன் கொடுத்த காசுக்கு ஆடுகிறாள் என்று மீன் ஏலத்தில் நின்று கதை கட்டுகிறவர்கள், ஒரே செருப்பை அவள் எத்தனை தரம் தைத்துப் போட்டிருக்கிறாள் என்று குனிந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். அவள் கேட்டது ஒன்றுதான். திருவேட்டக்குடிக்குப் பக்கத்தில், அவர்கள் குப்பத்திலிருக்கும் அரசு தொடக்கப்பள்ளியை மூடக்கூடாது.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், மெயின் ரோட்டுக்கு அந்தப்பக்கம் உள்ள பள்ளியோடு சேர்க்கப் போகிறோம் என்று காகிதம் வந்தது. மற்ற பிள்ளைகள் எப்படியாவது போய்விடும். அமிர்தத்தின் மகள் பாரதிப்ரியாவுக்குப் பிறந்ததிலிருந்தே கால் ஊன்றாது. இந்தப் பள்ளியில் அவளுக்காக வாசலில் சரிவு போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளுவதற்கு அவளோடு படிக்கிற பிள்ளைகள் முறை வைத்துச் சண்டை போடும். அந்தப் பள்ளியில் ஏழு படி. அவளை வீட்டிலேயே போட்டுவையுங்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தப்பும் அமிர்தத்தின் பேரில் உண்டு, மறைப்பானேன். ஊர்ப்பேரில் போனால்தான் மனு எடுபடும் என்று நம்பி ஊர்த்தலைவர் கோவிந்தராசுவிடம் போனாள். அவரும் நல்ல மனசோடுதான் செய்தார். ஊர்ப் பட்டியலை வைத்துத் தலைக்கட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கினார். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை. ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அமிர்தத்தின் புருஷன் கடலோடு போய் ஆறு வருஷமாகிறது.

கல்வி ஆபீசில் அதிகாரி மனுவைப் புரட்டினார்.

"இதுல புள்ள படிக்கிறவங்க எத்தன பேரும்மா?"

"பாதிக்கு மேல பேரன் பேத்தி எடுத்தவங்க சார்."

"உங்க கையெழுத்து எங்க?"

அதிகாரி மனுவை மடித்து அவளிடமே நீட்டினார்.

"பெத்தவங்க கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள, நேர்ல."

மீன் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்கிவைத்த கையோடு மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினாள், இந்தத் தரம் தாய்மார்களிடம். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ரோட்டோரம் பெட்டிக்கடை வைத்திருக்கும் பத்ருன்னிசா தயங்கினாள்.

"நாங்க உங்க ஊர்க்காரங்க இல்லியேக்கா, எங்க கையெழுத்து செல்லுமா?"

"ஒம் புள்ள இங்கதான படிக்குது? போடு."

அமிர்தத்தையும் சேர்த்துப் பதினான்கு பேர் போட்டார்கள். சிலருக்குக் கைநாட்டு. ஐஸிலும் செதிலிலும் தேய்ந்த கட்டைவிரலில் ரேகையே விழவில்லை. மூன்று தரம் மையில் தோய்த்து அழுத்த வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கோவிந்தராசு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா அமிர்தம், ஊர் குடுத்த மனு செல்லாதுன்னவன்கிட்ட பொம்பளைங்களத் தெரட்டிக்கிட்டுப் போறியாமே. ஊருக்கு என்ன மரியாத?"

"பட்டியல்ல என் வூட்டயும் சேர்த்திருந்தா நா ஏன் மாமா போறேன்?"

அவர் மணலைப் பார்த்தார். "நாளைக்கு நீ போனியன்னா ஏலத்துல ஒனக்கு மீன் விடமாட்டாங்க. நா சொன்னாலும் கேக்கமாட்டாங்க."

அவளுக்கு எதிர்த்துப் பேசக்கூடத் தெம்பில்லை. "செரி மாமா. தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்துவிட்டுத்தான் போனார்.

பொழுது சாய்வதற்குள் ஒவ்வொருத்தியாகச் சொல்லியனுப்பினார்கள். வீட்டில் திட்டுகிறார்கள், கையெழுத்து இருக்கட்டும், ஆனால் வரமுடியாது. பன்னிரண்டு பேர் கழன்றார்கள். அமிர்தம் யாரையும் குறை சொல்லவில்லை. அவளுக்கே போகாமலிருந்துவிடலாமா என்றுதான் இருந்தது. அந்தக் கூடையை விட்டால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை மகளுக்குத் தலை பின்னி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"கூடைய எடுக்கலியாம்மா?"

"இன்னைக்கு வேணாம்டி."

வாசலில் இரண்டு சிறுமிகள் வந்துவிட்டார்கள். "நேத்து நீதான தள்ளுன? இன்னைக்கு எம்முற!" என்று கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் குடையோடு பத்ருன்னிசா.

"நம்ம ரெண்டு பேருதானாக்கா?"

"ரெண்டு பேருதான்."

காகிதங்களைப் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகினாள் அமிர்தம். பிள்ளைகள் சண்டையை முடித்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்வரை நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, ஏலம் போடுகிற சத்தத்துக்கு முதுகைக் காட்டி, பஸ்ஸுக்கு நடந்தாள்.