பெயர் சொல்லாத சுக்கானி

ஐந்து பேர் ஏறும் படகில் நான்கு பேர்தான் துடுப்பு வலிக்கிறார்கள் என்றால், ஐந்தாவது ஆளுக்கு அங்கே என்ன வேலை? இரணைமடுக் குளக்கட்டில் அன்று நின்ற ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. மீனம்மா மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசிப் பலகையில் குந்தி, சுக்கான் கயிறுகளை மாட்டுக் கயிறு பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

படகு கொழும்பிலிருந்து வந்தது. அங்கே நீர்க்கரையில் நூறு வருடம் கடந்த துடுப்புக் கழகம் ஒன்று, தன் பழைய படகை இரவலாக அனுப்பியிருந்தது. குளத்து மீனவர்கள் அதற்கொரு தகரக் கொட்டில் போட்டு, வாசலில் ‘கழகம்’ என்று எழுதினார்கள். வாயில் வைத்துக் கத்துவதற்கென்று படகோடு ஒரு கூம்புக் குழாயும் வந்தது. மீனம்மா அதைக் கவிழ்த்துப் பிடித்துச் சாக்கில் நெல் வார்க்கிறார். அவர் சும்மா கூப்பிட்டாலே அக்கரையில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும்.

பெண் ஏறினால் மீன் படாது என்று சொல்லி, கணவர் ராசு தன் வள்ளத்தில் அவரை ஒருநாளும் ஏற்றியதில்லை. இந்தப் படகு வந்ததும் மீனம்மா கேட்டார்: “இதில வலையே இல்லையே. பிறகென்ன?” ராசுவும் துடுப்பு வலிக்க ஏறினார். போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னபோதுதான் அவருக்கு வாய் வந்தது. “நண்டுகூட இப்பிடிப் போகாது.”

துடுப்பு வலிக்கும் மற்ற மூவருக்கும் மீனம்மாவின் கட்டளை பறக்கும். “கிருபன், விடு. நிரோஜன், இழு. ஆண்டியப்பன், நிப்பாட்டு.” கணவர் பெயரை அவர் வாய் சொன்னதே இல்லை. அதனால் ராசுவுக்கு மட்டும் மகன் பெயரை வைத்து, “இஞ்சருங்கோ, பிரதீபன்ர அப்பா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ” என்று போகும். அது முடிவதற்குள் படகு யாருடைய வலைக்குள்ளாவது புகுந்துவிடும்.

இரண்டு வலை கிழிந்த பிறகு, மோட்டார் சைக்கிள் திருத்தும் நிரோஜன் சைக்கிள் பக்கக் கண்ணாடிகள் நான்கைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாகப் படகில் பூட்டினான். “கோபிக்காதேங்கோ அக்கா. கண்ணாடி இருக்கேக்கை ஆள் என்னத்துக்கு? பாரமும் குறையும்.” ராசு தலையாட்டினார். அன்று ராசுவின் சோற்றுக்குக் குழம்பு வரவில்லை.

கொழும்புக் கழகத்திலிருந்து பிரியந்தினி என்ற பொறுப்பாளர் பார்வையிட வந்தார். வலை எதையும் தொடாமல் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தால் படகு இங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் திரும்பிப் போகும். லொறியும் கூடவே வந்திருந்தது. மீனம்மா கரையில் கைகட்டி நின்றார். படகு போய்விட்டால் பிறகு ஏறிக் குந்துவதற்கு அவருக்கு வேறு படகில்லை.

நான்கு பேருக்கும் நான்கு கண்ணாடி, நான்கு குளம். கிருபன் கரையைக் கண்டு இழுத்தான். நிரோஜன் வலையைக் கண்டு நிறுத்தினான். ஆண்டியப்பனுக்கு வானம்தான் தெரிந்தது. ராசு தன் மீசையைக் கண்டு அசந்துபோனார். படகு செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வலைப் பக்கம் நகர்ந்தது. லொறிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்தார்.

“இஞ்சருங்கோ...” என்று தொடங்கிய மீனம்மா நிறுத்திக்கொண்டார். வலைக்கும் படகுக்கும் இடையில் அவ்வளவு மரியாதைக்கு இடமில்லை.

“ராசு, தூக்கு துடுப்பை.”

குளக்கட்டில் நின்றவர்கள் எல்லாரும் மீனம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். யார் பெயர் என்றுகூடப் பார்க்காமல் நால்வரும் துடுப்பைத் தூக்கினார்கள். ராசு காவடி எடுத்தவர்போல் இரண்டு கையும் தலைக்கு மேலே வைத்திருந்தார். படகு வலையோரம் உரசாமல் நின்றது. அதன் பிறகு கொட்டில் வாசல்வரை மீனம்மாவின் குரல்தான் சுக்கான். பிரியந்தினி லொறியை வெறுமையாக அனுப்பினார்.

“வீட்டிலயும் இப்பிடித்தானோ அக்கா?” என்றான் நிரோஜன்.

“வீட்டில அவர் பிரதீபன்ர அப்பா. படகிலதான் ராசு.”

ராசு தண்ணீரில் இறங்கி, மீனம்மா மிதித்து ஏறுவதற்குத் தொடையை மடக்கிக் கொடுத்தார்.

இதை நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள். இப்போதெல்லாம் யாராவது “ராசு” என்று உரக்கக் கூப்பிட்டால் அவருடைய இரண்டு கையும் தானாக மேலே போகிறது. கையில் தேநீர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடட்டும்.