அத்தை மகளின் ரத்தம்

ஆய்வகத் தலைவரான மேடம் அந்த மரபணு மாற்றத்தைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு, நான் விசையைத் தட்டுவதற்குள் "நக்கோ நக்கோ, வேண்டாம், இரும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்ட மதியம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

செகந்திராபாத்தை ஒட்டிய ஹப்சிகுடாவில் ஓர் ஆய்வகம். ஊரே மென்பொருள் கம்பெனிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது நான் அங்கிருந்து விலகி இங்கே வந்தேன். திருச்சியில் அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இதயத் தசை பலவீனமாகும் நோய்க்கு மரபணுவில் காரணம் தேடினோம். மனிதருக்கு மனிதர் மரபணுவில் வேறுபாடுகள் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை சும்மா இருப்பவை. புரதத்தையே மாற்றிவிடுகிறவற்றைப் பொறுக்கியெடுத்து, அவை நோயாளிகளிடம் மட்டும் அதிகமா, நலமானவர்களிடமும் அதே அளவா என்று ஒப்பிடுவது என் வேலை. நலமானவர்களாக நோயாளிகளின் கணவரையோ மனைவியையோ எடுத்துக்கொண்டோம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, வேறு ரத்தம். வெளிநாட்டில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நாங்களும் செய்தோம்.

மேடம் செகந்திராபாத்தில் வேரூன்றிவிட்ட திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவருடைய அண்ணனுக்கு இந்த நோய். அண்ணனையும் மதினியையும் அவரே அழைத்துவந்து ரத்தம் கொடுக்க வைத்திருந்தார். அவர் பெரிதும் நம்பிய மாற்றம் ஒன்று நலமானவர்களிடமும் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தது. விதிப்படி அதைக் கழித்துவிட வேண்டியதுதான்.

கையைப் பிடித்தவர் கேட்டார்: "எங்க மதினி யாரு தெரியுமா? எங்க அத்தை மக. வேற ரத்தம்னு எவன் சொன்னான்?"

நான் சிரித்துவிட்டேன். கணவனும் மனைவியும் ஒரே ரத்தமானால் அந்த மாற்றம் இருவரிடமும்தானே இருக்கும்! என் அம்மாவும் தன் மாமன் மகனைக் கட்டிக்கொண்டவர்தான். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வீடுகளில் பிறந்துவிட்டு, ஆய்வகத்தில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. இப்போது ரத்தம் எடுக்குமுன் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். மேடமும் சிரித்தார். அவருடைய மாற்றம் பிழைத்துவிட்டதே! பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. நலமானவர் என்று நாங்கள் எழுதிவைத்தவர்களில் பலர், நோய் இன்னும் தலைகாட்டாதவர்களாக இருக்கலாம். அந்தப் பட்டியலில் மதினியின் பெயரும் இருந்தது.

அவர் தொலைபேசியை எடுத்தார். "மதினி, இன்னொரு தடவ ரத்தம் குடுக்கணும்."

மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. "ஹவ், சரி, ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சதும் உங்க அண்ணனக் கூட்டிட்டு வாரேன்."

"அண்ணன் வேண்டாம். நீங்க வாங்க." மேடம் பட்டியலில் மதினியின் பெயரைச் சுழித்தார். "பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க."