உடைந்த தாடையும் உடையாத கையும்

என் வாயில் இடது பக்கம் கீழ்வரிசையில் மூன்று பற்கள் இல்லை. அவை போன விதத்தையும், அதற்காக நான் ஏன் சர்வேசுரனுக்கு நன்றி சொல்கிறேன் என்பதையும் விசுவாசிகளாகிய உங்களுக்கு எழுதுகிறேன்.

1959ஆம் ஆண்டு. காணைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். எனக்கு இருபத்தோரு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆகஸ்டு பதினைந்து, மாதா தேர். மாலை ஐந்து மணி இருக்கும். தேர் எங்கள் தெருக்களைச் சுற்றிவிட்டு, கோயில் வாசலில் திரும்புகிற நேரம். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியிருந்த கீழத்தெருவுக்கு அது ஒருநாளும் போனதில்லை.

அன்று கீழத்தெரு சவரிமுத்து தேரின் இடது பின்சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயது மனிதர்.

"மாதா எங்களுக்கும் தாய்தானுங்களே. ஒரு வாட்டி எங்க தெருவுக்குத் திருப்புங்க."

அந்தச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற உரிமை என் சித்தப்பாவுடையது. "நவுர்றா" என்றார்.

"நவுர மாட்டேனுங்க."

சித்தப்பா முட்டுக்கட்டையைத் தூக்கி அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது தலையில். மேளம் நிற்கவில்லை. பிறகுதான் இரண்டு பக்கமும் கல் பறந்தது. கீழத்தெருவில் ஏழு குடிசைகள் எரிந்தன. ஒரு கிழவியின் கையை மணிக்கட்டோடு முறித்தார்கள். மாதா சுரூபத்தின் முகத்தில் ரத்தம் தெறித்திருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. சவரிமுத்துவை மாட்டு வண்டியில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காணை தாண்டுமுன் அவர் உயிர் போய்விட்டது.

எங்கள் தெருக்காரர்கள் புகார் எழுதிக் கொடுத்தார்கள். கீழத்தெருவிலிருந்து வந்த கல் பட்டு அவர் செத்தார், எறிந்தது அவர் மகன் அருளப்பன் என்று. அப்பனைக் கொன்றதாக மகனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் நான், "பார்க்கலைங்க" என்றேன். அந்தப் பொய்யோடு மூன்று வாரம் பூசைக்குப் போனேன்.

அருளப்பனின் தங்கை அந்தோணியம்மாள் என் வகுப்புத் தோழி. திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் ஆறு வருடம் ஒரே பந்தியில் சாப்பிட்டோம், பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தோம். ஊர்க் கோயிலில் மட்டும், சாதிப்படி, நான் வலது பக்கம், அவள் இடது பக்கம். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்களுக்குள் சண்டை வந்தால் சிஸ்டர் யாரையும் உடனே நம்பமாட்டார். "நீ எங்கே நின்னே? அங்கே போய் நில்லு. அங்கேயிருந்து தெரியறதை மட்டும் சொல்லு" என்பார். தெரியாததைச் சேர்த்துச் சொன்னாலும் தண்டனை, தெரிந்ததை விட்டாலும் தண்டனை. திருடு போன சீப்புக்கும் அதே விசாரணைதான்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் அந்தோணியம்மாள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. அழவில்லை.

"செலின், அன்னிக்கு நீ எங்க நின்னே?"

அவ்வளவுதான் கேட்டாள். அவள் போய்விட்டாள்.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கோயில் வாசலின் மூன்றாவது படியில், தேரன்று நின்ற அதே இடத்தில், போய் நின்றேன். அன்று பார்த்ததெல்லாம் கண்முன் வந்தது. அடுத்த நாள் அருளப்பனின் வக்கீலுக்குக் கடிதம் எழுதினேன். நவநாள் ஜெபமும் ஆரம்பித்தேன். எனக்குக் கோர்ட்டு என்றால் நடுக்கம். "ஆண்டவரே, அன்றைக்கு என் வாயைத் திறந்துவிடும்" என்பது ஒன்றே என் வேண்டுதல்.

ஒன்பதாம் நாள், சாட்சி சொல்லவேண்டியதற்கு முந்தின மத்தியானம், வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை அடுக்கிய அறைக்குள் அண்ணன் என்னைத் தள்ளினான். சித்தப்பா வாசலில் நின்றார்.

"கான்வென்ட்டுக்காரி கோர்ட்டுல போயி இன்னா பேசப் போறா? வாயில போடுடா. அது இருந்தாத்தான பேசுவா!"

அண்ணன் உலக்கைப் பூணால் முகத்தில் அடித்தான். மூன்று அடி எண்ணினேன். தாடை உடைந்த சத்தம் காதுக்கு உள்ளேயிருந்து கேட்டது. பற்கள் நாக்கின்மேல் கிடந்தன. பூட்டிவிட்டுப் போனார்கள்.

தரையில் ரத்தத்தில் கிடந்தபடி ஆண்டவரோடு சண்டை போட்டேன். திற என்று கேட்டேன், உடைத்துவிட்டீரே என்றேன். உண்மையில் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை, வாய் அசையவில்லை. அந்த நிமிடம் எனக்கு விசுவாசம் இல்லை. மறைக்க விரும்பவில்லை.

விடிந்ததும் அம்மா கதவைத் திறந்தாள். முந்தானையைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள். "ஜல்தியா போடி. திரும்பி வராத" என்றாள். ஊர் எல்லையில் அந்தோணியம்மாள் வண்டியோடு நின்றாள். அவளுக்குச் சொல்லியனுப்பியதும் அம்மாதான்.

விழுப்புரம் கோர்ட்டில் என்னைப் பார்த்ததும் சித்தப்பா சிரித்தார். "பேச முடியாத பொண்ணு என்ன சாட்சி?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார்.

"எழுதத் தெரியுமாம்மா?"

தலையசைத்தேன். பேச முடியாதவர் கோர்ட்டிலேயே எழுதிச் சாட்சி சொல்லலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். பேனா கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் எனக்குமுன் எந்தப் பெண்ணும் எழுதியதில்லை. பெண்பிள்ளையை அடக்க வாயை உடைத்தால் போதும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். கையை உடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எழுதினேன். மாஜிஸ்திரேட் வாங்கி உரக்கப் படித்தார். "கோயில் மூன்றாவது படியில் நின்றேன். என் சித்தப்பா முட்டுக்கட்டையால் இரண்டு முறை அடித்தார். இரண்டாவது அடி தலையில். அதுவரை ஒரு கல்லும் விழவில்லை. சவரிமுத்து கீழே விழுந்ததை நான் பார்க்கவில்லை. சக்கரம் மறைத்தது."

"கொன்றதைப் பார்த்தவள் விழுந்ததைப் பார்க்கவில்லையாம்!" என்றார் வக்கீல். நான் மறுபடி எழுதினேன்: "மறைத்தது." மாஜிஸ்திரேட் அந்த ஒரு சொல்லையும் உரக்கப் படித்தார். கதை கட்டுகிறவள் அதை எழுதியிருக்க மாட்டாள் என்று பிறகு சொன்னார்.

அருளப்பன் விடுதலையானான். சித்தப்பாமேல் வழக்கு நடந்தது, அவர் சிறைக்குப் போனார். நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. திண்டிவனத்தில் அதே பள்ளி என்னைச் சேர்த்துக்கொண்டது. பாடம் நடத்துகிறேன். ஒரு வாரப் பத்திரிகைக்கு, அடிபட்டவர்களைப் பற்றி, பார்த்ததை மட்டும் எழுதி அனுப்புகிறேன். பேச்சு இன்றும் குழறும்.

நான் வாயைக் கேட்டேன். ஆண்டவர் அந்தக் கன்னியர் மூலமாக எப்போதோ கொடுத்துவைத்திருந்த கையைக் காட்டினார். அவருக்கு ஸ்தோத்திரம்.

பத்து வருடம் ஆகிறது. தேர் இன்னும் கீழத்தெருவுக்குத் திரும்பவில்லை. அதற்காக மறுபடி நவநாள் தொடங்கியிருக்கிறேன். நம்பிக்கையோடு நீங்களும் சேர்ந்து ஜெபியுங்கள். முழங்காலில் நிற்குமுன், உங்கள் ஊரில் இப்படி ஒருவர் அடிபட்ட அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று மட்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.