அமானிதம் சுகமா?

சுபஹு தொழுதுவிட்டு வந்த கையோடு ஸைனுலாப்தீன் காக்கா முயல் கூட்டின் முன்னால் குந்திவிடுகிறார். கையில் ஓர் ஈர்க்கில். இரவு விழுந்த புழுக்கைகளை அந்த ஈர்க்கிலால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணுகிறார். எண்ணி முடியும்வரை தேத்தண்ணி இல்லை, கதை இல்லை. மனைவி றுகையா குசினியிலிருந்து ஏதாவது கேட்டால் இடது கையை உயர்த்திக் காட்டுவார். இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குவார். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தவன்.

மருதமுனையில் இவரைத் தெரியாதவர் இல்லை. ஐம்பது வயது, தறி மிதித்து உரமேறிய கால்கள், ஒழுங்கை முழுக்கக் கேட்கும் குரல். சாறன் வாங்க வருபவர் துணியைக் கசக்கிப் பார்த்தால், "என்ட மூஞ்சியக் கசக்கிப் பாருங்களன்" என்று சீறுவார். அப்படிப்பட்ட மனிசன் முயலிடம் மட்டும் குசுகுசுத்துத்தான் கதைக்கிறார்.

முயல் அவருடையதல்ல. எல்லாக் கூத்துக்கும் காரணம் அதுதான். எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்த காலையில் அவருடைய தறிக்கொட்டிலில் கூரைத் தகரம் ஒன்றும் மிஞ்சவில்லை. பாதி நெய்து கிடந்த சாறன்மேல் நனைந்துபோய் ஒரு வெள்ளை முயல் உட்கார்ந்திருந்தது. ஒரு நூலைக்கூடக் கடித்திருக்கவில்லை. யார் வளர்த்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, ஒருவருக்கும் தெரியாது. ஊரே சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. முயல் இறைச்சி ஹலால் என்று நினைவூட்டப் பலர் அவர் வீட்டுக்குப் போனார்கள். ஒளிப்பானேன், நானும் போனவன்தான்.

"இது அமானிதம், மாஸ்டர்" என்று என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார். இன்னொருவரின் பொருளை அவர் வந்து கேட்கும்வரை பழுதில்லாமல் காத்துக் கொடுப்பதுதான் அமானிதம். பள்ளிவாசல் லெப்பையிடம் போய் விபரம் கேட்டிருக்கிறார். கண்டெடுத்த பொருளை ஒரு வருஷம் அறிவிக்க வேண்டும், அதையும் பள்ளிக்குள் சொல்லக் கூடாது, வாசலில் நின்று சொல்ல வேண்டும், ஒருவரும் வராவிட்டால் பிறகு எடுத்தவரே வைத்துக்கொள்ளலாம் என்று லெப்பை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளி வாசலில் அந்தக் குரல் எழும்: "ஒரு வெள்ள முயல், சூறாவளியில வந்தது, என்னிட்ட இரிக்கி. சொந்தக்காரர் வந்து எடுங்க."

பேர் வைக்கவும் மறுத்துவிட்டார். பேர் வைக்கிற உரித்து சொந்தக்காரருக்குத்தானாம். ஊர் சும்மா இருக்குமா? அமானிதம் என்பதையே அதற்குப் பேராக்கிவிட்டது. "அமானிதம் சுகமா காக்கா?" என்று தெருவில் பகிடி பண்ணினால் அவர் சைக்கிளை நிறுத்தி, "ஓம், நேத்து நூத்தி அறுவது" என்று கணக்கோடு பதில் சொல்வார். கேட்டவன்தான் வெட்கப்பட வேண்டும்.

வருஷம் முடிய ஒரே ஒரு வெள்ளிக்கிழமை இருந்தபோது விஷயம் வில்லங்கமானது. ஒவ்வொரு நாளும் காலையில் அவர் தறிக்குழியில் இறங்கி முதல் மிதி மிதித்ததும் முயல் பின்னங்காலால் தரையில் ஓர் அடி அடிக்கும். அதை அவர் சலாம் என்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை சலாம் வரவில்லை. முள்முருக்கிலையைத் தின்றது, காம்பை விட்டுவிட்டது. எண்ணிக்கை நூற்றிருபது. றுகையா, தின்னுகிறதுதானே, அதற்கென்ன என்றார். சாறன் எடுக்கப் போயிருந்த நானும் எட்டிப் பார்த்தேன். எப்போதும் போல வெள்ளையாக, மூக்கைத் துடிக்க வைத்துக்கொண்டு இருந்தது. நல்லாத்தானே இருக்கு காக்கா என்றேன்.

"உங்களுக்கு அது முயலாத் தெரியிது, மாஸ்டர். எனக்கு அது நேத்தைய முயல் இல்ல" என்றார்.

புதன்கிழமை அறுபத்தொன்று. எல்லாம் சிறுத்துப்போய், மூன்று மட்டும் ஒரு மெல்லிய இழையில் கோத்தபடி கிடந்தன. "தஸ்பீ..." என்று தொழுகை மணிமாலையின் பேரைத் தொடங்கியவர் வாயைப் பொத்திக்கொண்டு, அஸ்தஃபிருல்லாஹ் என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு, "மால மாதிரிக் கோத்து வந்திரிக்கி" என்று திருத்தினார். அந்த மூன்றையும் ஒரு சிரட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டார். இழையை மெதுவாக உருவிக் கழுவி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. அது அவருடைய தறியில் ஓடிய குங்கும நிற நூல்.

நெய்கிறவர்கள் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குச் சோற்றுக் கஞ்சி போடுவார்கள். நூல் முறுக்கேறி அறாமல் நிற்க வேண்டுமல்லவா? அந்தக் கிழமை நாவிதன்வெளியிலிருந்து வந்த புது அரிசியில் கஞ்சி வைத்திருந்தார். கொழுகொழுவென்று, வீடெல்லாம் மணக்க. ஒழுங்கையில் நாலு பேரைக் கூப்பிட்டுக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்பட்டவர். வெட்டி எறிந்த நூல் முனைகள் தறிக்குக் கீழே கிடந்திருக்கின்றன. பகலில் கூட்டிலிருந்து திறந்துவிட்ட முயல் கஞ்சி ருசிக்காக அவற்றை மென்று விழுங்கியிருக்கிறது. புயல் நாளில் ஒரு நூலைக் கடிக்காத பிராணிக்கு இவர் தன் கைப்பக்குவத்தாலேயே நூலை ஊட்டிவிட்டார். "பிழை என்டதான்" என்று சொல்லித் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்.

பக்கத்துத் தேத்தண்ணிக்கடை றவூப் கெட்டவரல்ல. உள்ளதைச் சொன்னார். "உசிர் இரிக்கக்குள்ளயே அறுத்திரு மச்சான். செத்துப் போனா ஒருத்தருக்கும் இல்ல."

"நாளைக்கு மஹ்ஷர்ல, கேள்வி கணக்கு நாள்ல, ஒரு மனிசன் வந்து என்ட முயல் எங்கயெண்டு கேட்டா, கறியாக்கித் திண்டுட்டன் எண்டா சொல்ற?" என்று காக்கா கேட்டுவிட்டு எழும்பினார்.

முயலை ஒரு கூடையில் வைத்து, புதுச் சாறன் துண்டால் மூடி, சைக்கிளில் கட்டினார். சத்தம் கேட்டால் பயந்துவிடும் என்று சைக்கிள் மணியின் மூடியைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்முனைக்கு நானும் கூடப் போனேன். மிருக வைத்தியர் குணத்திடம் மாடும் ஆடும் கொண்டுவந்து நின்றவர்கள் கூடையைப் பார்த்துச் சிரித்தார்கள். வைத்தியர் சிரிக்கவில்லை. முயலின் வயிற்றை அமர்த்திப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதுதான் தாமதம், காக்கா வாயைத் திறந்தார். திங்கள் நூற்றி ஐம்பத்தெட்டு, செவ்வாய் நூற்றிருபது, புதன் அறுபத்தொன்று, எந்த இலை தின்றது, எந்தக் காம்பை விட்டது, எந்தக் காது எவ்வளவு சூடு. கடைசியில் நூலையும் சிரட்டையோடு எடுத்து நீட்டினார். வைத்தியர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"நேற்றுக் கொண்டுவந்திருந்தா நானும் ஒண்டுமில்லையெண்டுதான் அனுப்பியிருப்பன். நாளைக்குக் கொண்டுவந்திருந்தா என்னால ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். காக்காவின் முதுகு நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

ஒரு போத்தல் எண்ணெய்மருந்து கொடுத்தார். வயிற்றைத் தடவ வேண்டும், நடக்கவிட வேண்டும், தண்ணீரும் அறுகம்புல்லும் மட்டும். அன்றும் மறுநாளும் தறிச்சத்தம் இல்லாததால் சாவு வீடாக்கும், யாருக்கோ மௌத்து என்று நினைத்து ஒழுங்கையே வந்து பார்த்தது. உள்ளே அந்தப் பெரிய உடம்பு சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் முயலை வைத்து, ஒரே போக்கில் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் விழவில்லை. றுகையா அறுகம்புல்லைக் கழுவிக் கழுவிக் கொண்டுவந்தார். அது மூக்கைத் திருப்பிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது. ஓடினேன். பாக்களவு ஒரு குங்கும நூல் உருண்டை, அதன் பின்னால் உருண்டை உருண்டையாக, உலர்ந்து, அழகாகப் பத்தொன்பது புழுக்கை. அழகு என்று நான் எழுதுகிறேன், பாருங்கள். றவூப்பின் கையைப் பிடித்து இழுத்துவந்து அவர் கண் முன்னால் காக்கா மறுபடி எண்ணினார். பத்தொன்பதேதான். றவூப் கடைக்குத் திரும்பிப் போய்ப் பால் ஊற்றிய தேத்தண்ணியோடு தானாகவே வந்தார். குடித்துவிட்டுக் காக்கா தறிக்குழியில் இறங்கி, சும்மா ஒரு மிதி மிதித்தார். கூட்டுக்குள்ளிருந்து ஓர் அடி கேட்டது. "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றார், குசுகுசுத்து.

அன்று ஜும்ஆவுக்குப் பிறகு கடைசி அறிவிப்பு. ஒருவரும் பகிடி பண்ணவில்லை. "ஒரு வெள்ள முயல். சூறாவளியில வந்தது. என்னிட்ட இரிக்கி, சொந்தக்காரர் வந்து எடுங்க" என்றவர், ஒரு வருஷமாகச் சொல்லாத இரண்டு சொற்களைச் சேர்த்தார்: "சுகமா இரிக்கி."

சொல்லிவிட்டு நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்தபோது காக்கா சைக்கிளை இறுகப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் சைக்கிளத் தள்ளுங்க காக்கா, என்ட செருப்பு அடியில" என்றார் வந்தவர். வாசல் காலியாகும்வரை இன்னும் நின்றார். லெப்பை வெளியே வந்து, "முடிஞ்சி. இனி உங்கடதான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

காக்கா சட்டைப் பையிலிருந்து மணி மூடியை எடுத்து, சாறன் முனையால் துடைத்து, நிதானமாகத் திருகிப் பூட்டினார். ஏறி உட்கார்ந்து வீடுவரை மணியை அடித்துக்கொண்டே போனார். பாதையில் குறுக்கே ஒருவரும் இல்லை.